இளம் பிள்ளைகளின் நீரிழிவும் இன்சுலின் அளவும்

நீரிழிவு என்றதும் நரை கண்டோரின் நோய் என்றே நம்மவரில் பெரும்பாலோர் எண்ணி வருகின்றனர். காப்பியில் சர்க்கரையைக் குறைப்பதும், மாலையில் நடந்து வருவதும், வேளை தவறாது மாத்திரை விழுங்குவதுமே அந்நோய்க்குரிய ஒழுங்கு எனக் கருதுகின்றனர். ஆனால் பால்மணம் மாறாத குழந்தைகளையும், பள்ளி செல்லும் சிறுவர் சிறுமியரையும் பற்றும் நீரிழிவு ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதனை முதல் வகை நீரிழிவு என்பர். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இருபது வயதுக்குட்பட்ட இந்நோயாளர் உலகிலேயே மிகுதியாக உள்ள நாடு நம் பாரத நாடேயாகும். அவர்களின் தொகை சுமார் 2,29,000 எனக் கணக்கிடப்பட்டது. ஆகவே இது எங்கோ யாருக்கோ வரும் நோய் என்று நாம் வாளாவிருத்தற்கில்லை.

நாம் மருத்துவம் பயின்றோம் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, நாகபுரியில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் குமாஸ்தாக்களுள் ஒருவரே. எனினும் நம் அலுவலகத் தோழர் ஒருவரின் எட்டு வயது மகளுக்கு இந்நோய் கண்டபொழுது, மருத்துவர் இந்தியில் கூறியதைத் தமிழில் அக்குழந்தையின் தாய்க்கு எடுத்துரைக்கும் பணி நமக்கு வாய்த்தது. பல நாள் உடனிருந்து கேட்டும், மருத்துவரிடம் மீண்டும் மீண்டும் வினவியும், உரிய நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றை, பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படுமாறு ஈண்டு எழுத முற்படுகிறோம். ஒன்றை முதலிலேயே கூறிவிடுவோம். இக்கட்டுரையிலுள்ள எண்கள் விளங்கிக் கொள்வதற்காகவே தரப்படுகின்றன. ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய அளவை அக்குழந்தையைப் பார்த்து வரும் மருத்துவரே வகுத்தல் வேண்டும்.

நோயின் தன்மை

நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்னும் உறுப்பு இருக்கிறது. உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்ததும், அதை உடலின் அணுக்களுக்குள் செலுத்தும் இன்சுலின் என்னும் சுரப்பை அதுவே உண்டாக்குகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, இன்சுலினைச் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் உண்டாவது இந்த முதல் வகை நீரிழிவு. இனிப்பை மிகுதியாக உண்டதனாலோ, தாய் கருவுற்ற காலத்தில் செய்த பிழையினாலோ இது வருவதில்லை. பெற்றோர் தம்மைத் தாமே நொந்து கொள்வதிலும், ஒருவரையொருவர் குறை கூறுவதிலும் பயன் சிறிதுமில்லை.

இந்நோய் கண்ட குழந்தை அடிக்கடி சிறுநீர் கழிக்கும். ஓயாது தண்ணீர் கேட்கும். நன்றாக உண்டும் மெலியும். விளையாட மனமின்றிச் சோர்ந்து கிடக்கும். படுக்கையை நனைக்கும் வழக்கம் நின்று போன குழந்தை மறுபடியும் நனைக்கத் தொடங்கினால் அது பெரிய எச்சரிக்கை. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை நம் முன்னோர் கண்டு, மதுமேகம் எனப் பெயரிட்டனர். இவ்வறிகுறிகளைக் கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தல் வேண்டும். தாமதித்தால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் பெருகி, வாந்தியும் வயிற்று வலியும் ஆழ்ந்த பெருமூச்சும் மயக்கமும் உண்டாகி, உயிருக்கே இறுதி நேரலாம்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னர் இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைத்ததில்லை. பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பதே அக்கால வைத்தியமாக இருந்தது. 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பிரடெரிக் பாண்டிங் என்னும் மருத்துவரும், சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரும், பேராசிரியர் மக்லௌட் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் நாய்களின் கணையத்திலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் லெனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன் முதலாக ஊசி மூலம் செலுத்தப்பட்டது. முதல் ஊசி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காலிப் என்னும் இரசாயன அறிஞர் தூய்மைப்படுத்திய மருந்தை அதே மாதம் 23ஆம் நாள் செலுத்தியதும் சிறுவன் தேறலானான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இவ்வரிய மருந்தின் உரிமையை அவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக் கழகத்துக்கு அளித்துவிட்டனர் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அம்மருந்து அளவில் குறைந்தால் சர்க்கரையும் கீட்டோனும் ஏறும். அளவில் மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இவ்விரண்டுக்கும் இடையே குழந்தையை நடத்திச் செல்லும் பொறுப்பு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாள் முதல் தாய் தந்தையரின் கையில் வந்துவிடுகிறது. ஆதலின் அளவைப் பற்றிய அறிவே இங்கு மருந்துக்கு ஒப்பாகும்.

புட்டியும் ஊசிக் குழலும்

இன்சுலினை யூனிட் என்னும் கணக்கில் அளக்கின்றனர். நம் நாட்டுக் கடைகளில் இருவகை மருந்து விற்கப்படுகிறது. ஒன்றில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் உண்டு. மற்றொன்றில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 யூனிட் உண்டு. 10 மில்லி லிட்டர் கொண்ட 40 யூனிட் புட்டியில் மொத்தம் 400 யூனிட் இருக்கும். பேனா வடிவ ஊசியில் பொருத்தும் 3 மில்லி லிட்டர் குப்பியிலோ ஒரு மில்லி லிட்டருக்கு 100 வீதம் 300 யூனிட் இருக்கும். இவற்றுக்கேற்பச் சிரிஞ்சுகளும் இருவகை. 40க்கு உரியது சிவப்பு மூடி உடையது. 100க்கு உரியது ஆரஞ்சு மூடி உடையது.

இவ்விரண்டும் மாறினால் விளையும் கேட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 யூனிட் புட்டியிலுள்ள மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை இழுத்தால், குழந்தையின் உடலில் செல்வது 10 அன்று, 25 யூனிட். மாறாக 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை இழுத்தால் செல்வது 4 யூனிட் மட்டுமே. முன்னதில் குழந்தை மயங்கும். பின்னதில் நோய் முற்றும். ஆகவே கடையில் வாங்கும்பொழுதே புட்டியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சின் மூடியையும் ஒத்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஊர் மாறிச் செல்லும் குடும்பங்கள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாயிருத்தல் நலம். ஓர் ஊரில் 40 வாங்கிப் பழகியவருக்கு மற்றோர் ஊர்க் கடைக்காரர் 100 எடுத்துக் கொடுத்தலும் கூடும். பேனாக் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சினால் மருந்தை இழுத்தல் ஒருபொழுதும் ஆகாது.

மொழியினால் வரும் இடையூறும் ஒன்றுண்டு. வட இந்தியாவில் ஒன்றரையை டேட் என்றும், இரண்டரையை டாயி என்றும் கூறுவது வழக்கம். நெடுங்காலம் இங்கு வாழ்ந்த நமக்கே கடைத்தெருவில் இவ்விரண்டும் சில வேளைகளில் தடுமாற்றம் தருவனவாம். நாம் மேலே குறிப்பிட்ட தாயார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இரண்டாண்டுகளே ஆனவர். தாதி, "டாயி யூனிட்" என்று கூறியதும் அவர் சற்றே தயங்கி, "வாய்ச்சொல் வேண்டாம் அண்ணா, எண்ணால் எழுதித் தரச் சொல்லுங்கள்" என்று நம்மிடம் கூறினார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அளவை எண்ணால் எழுதி வாங்க வேண்டும். எண்ணுக்குப் பின் யூனிட் என்னும் சொல்லை முழுவதுமாக எழுதச் சொல்லவும் வேண்டும். அச்சொல்லின் ஆங்கில முதலெழுத்தை மட்டும் எண்ணோடு ஒட்டி எழுதினால் அது சுழியைப் போலத் தோன்றி, 4 என்பது 40 ஆகப் படிக்கப்பட்டுவிடும். இத்தகைய பிழைகள் பல நாடுகளிலும் நேர்ந்துள்ளமையால், அவ்வாறு சுருக்கி எழுதலாகாது என்று மருத்துவ உலகமே விதித்திருக்கிறது.

அளவு எவ்வாறு பிறக்கிறது?

நல்ல உடலில் கணையம் இருவகையாக இன்சுலினைச் சுரக்கிறது. உண்ணாத வேளையிலும் இரவிலும் துளித்துளியாகச் சுரந்து கொண்டிருப்பது ஒன்று. உண்டவுடன் பெருக்கெடுப்பது மற்றொன்று. இதைப் பின்பற்றியே மருந்தும் இருவகையாகத் தரப்படுகிறது. நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலின் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை போடப்படும். கிளார்ஜின், டெக்லூடெக் முதலியன அவ்வகையின. உணவு வேளைகளில் போடுவது விரைவில் வேலை செய்யும் இன்சுலின். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் ஆகியவற்றை உணவுக்குச் சிறிது முன்னர்ப் போடலாம். ரெகுலர் எனப்படும் பழைய வகையை அரை மணி முன்னதாகப் போட வேண்டும். சில ஆஸ்பத்திரிகளில் ரெகுலரையும், என்.பி.எச். எனப்படும் கலங்கலான மருந்தையும் ஒரே சிரிஞ்சில் சேர்த்துப் போடச் சொல்வதுண்டு. அப்பொழுது கலங்கல் மருந்தின் புட்டியைக் குலுக்காமல் உள்ளங்கைகளில் உருட்டிச் சீராக்கிக் கொண்டு, முதலில் தெளிந்ததையும் பின்னர்க் கலங்கியதையும் இழுக்க வேண்டும். கிளார்ஜினையோ எதனோடும் கலத்தலாகாது.

நாள் முழுமைக்கும் எத்தனை யூனிட் என்பதைக் குழந்தையின் எடையைக் கொண்டு மருத்துவர் தொடங்குகிறார். நோய் கண்ட புதிதில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை தருவது வழக்கம். நம் தோழரின் மகள் அப்பொழுது 25 கிலோ எடையிருந்தாள். கிலோவுக்கு 0.8 வீதம் நாளொன்றுக்கு 20 யூனிட் என்று மருத்துவர் வகுத்தார். அதில் 8 யூனிட் இரவில் போடும் நீண்ட நேர மருந்து. எஞ்சிய 12 யூனிட் மூன்று வேளை உணவுக்கும் பங்கிடப்பட்டது.

உணவு வேளைக்குரிய அளவைச் சரிநுட்பமாக்க இரண்டு எளிய வகுத்தல் கணக்குகள் வழங்கி வருகின்றன. 500 என்னும் எண்ணை நாளின் மொத்த யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட் மருந்து எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்பது கிடைக்கும். 1800 என்னும் எண்ணை அதே மொத்தத்தால் வகுத்தால், ஒரு யூனிட் விரைவு மருந்து இரத்தச் சர்க்கரையை எத்தனை மில்லி கிராம் இறக்கும் என்பது கிடைக்கும். அச்சிறுமிக்கு முதற் கணக்கில் 25 கிராமும், இரண்டாவதில் 90 மில்லி கிராமும் வந்தன.

ஓர் இரவுணவை எடுத்துக் கொள்வோம். 30 கிராம் மாவில் செய்த சப்பாத்தி ஒன்றில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து உண்டு. இரண்டு சப்பாத்தியும் சிறு கிண்ணம் பருப்பும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிராம். அதற்கு 2 யூனிட். உணவுக்கு முன் பார்த்த சர்க்கரை 210. மருத்துவர் குறித்த இலக்கு 120. மிகுதியான 90ஐ இறக்க 1 யூனிட். ஆகக் கூடுதல் 3 யூனிட். சோறு உண்போர், சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டென வைத்துக் கணக்கிடலாம். சமையலறையில் ஒரு சிறு தராசு இருந்தால் முதற் சில வாரங்களில் கண்ணளவு தானே பழகிவிடும்.

இக்கணக்குகள் தொடக்கத்துக்கு வழிகாட்டுவனவே; முடிந்த முடிபு அல்ல. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காலை உணவில் இதனினும் மிகுதியாகத் தேவைப்படலாம். இந்தச் சிறுமிக்கே அரை யூனிட் மாறினால் 45 மில்லி கிராம் மாறுகிறது என்றால், அவளினும் சிறிய குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அதனால்தான் அரை யூனிட்டாகத் திருகக்கூடிய பேனா ஊசிகள் உண்டாக்கப்பட்டுள்ளன. மற்றுமொரு விதியையும் மறத்தலாகாது. விரைவு மருந்து மூன்று நான்கு மணி நேரம் உடலில் வேலை செய்து கொண்டிருக்கும். ஒரு மணி கழித்துச் சர்க்கரை இறங்கவில்லையே என்று பதறி, சர்க்கரையை இறக்குதற்கென மேலும் ஓர் ஊசி போட்டால், இரண்டும் ஒன்று கூடிப் பின்னிரவில் குழந்தையைத் தாழ்நிலைக்குத் தள்ளிவிடும்.

அளவு குறைந்தால் நோய் நீங்கியதா?

நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததே இப்பகுதியின் பொருட்டு. ஊசி தொடங்கிச் சில வாரங்கள் சென்றதும் பல குழந்தைகளிடம் ஒரு வியப்பான மாறுதல் தோன்றுகிறது. முன்னர்ப் போட்ட அளவையே போட்டால் சர்க்கரை மிகவும் தாழ்கிறது. மருத்துவர் அளவைக் குறைத்துக் கொண்டே வருகிறார். நம் தோழரின் மகளுக்கு 20 யூனிட்டாயிருந்தது ஐந்தாம் வாரத்தில் 9 யூனிட்டாகக் குறைந்தது. அதே காலத்தில் ஊரிலிருந்து பாட்டியார் அனுப்பிய கஷாயத்தையும் குழந்தை குடித்து வந்தது. பாட்டியார் தொலைபேசியில், "கஷாயம் கேட்டுவிட்டது, தாயி. இனியும் பிள்ளையை ஏன் குத்தி வதைக்க வேண்டும்? ஊசியை நிறுத்திவிடுங்கள்" என்றார். அன்பினால் வந்த சொல்லே அது. தந்தையும் பாதி நம்பிவிட்டார். பத்து நாளில் விடுமுறைக்கு ஊர் செல்ல இருந்தார்கள்; அங்கே சென்றபின் நிறுத்திப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம்.

தாயார் மட்டும், "ஒரு முறை டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம்" என்று உறுதியாக நின்றார். நாமும் உடன் சென்றோம். மருத்துவர் கோபிக்கவில்லை. அவர் கூறியதன் சாரம் வருமாறு: நோய் கண்ட நாளில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் யாவும் அழிந்து போவதில்லை. சில எஞ்சி நிற்கின்றன. வெளியிலிருந்து மருந்து செலுத்தப்பட்டதும் அவை இளைப்பாறிச் சிறிது காலம் மீண்டும் சுரக்கின்றன. இதனை மருத்துவர்கள் தேனிலவுக் காலம் என்பர். சிலருக்குச் சில வாரங்களும், சிலருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் நீடிக்கும். ஆனால் அழிவு உள்ளே நடந்து கொண்டேயிருக்கிறது. ஒரு நாள் அச்சுரப்பும் ஓய்ந்துவிடும்.

இதனை நம்மூர்க் கிணற்றோடு ஒப்பிட்டுத் தாயார்க்கு விளக்கினோம். ஊற்றுக்கண் அடைபட்டு வரும் கிணற்றில் இறைப்பைக் குறைத்து விட்டால் சிறிது நீர் ஊறி நிற்கும். அதைக் கண்டு ஊற்று திறந்துவிட்டதென்று எண்ணி, வெளியிலிருந்து கொணரும் தண்ணீரை நிறுத்தினால் பயிர் கருகும்.

அன்பர்களே! இக்காலத்தில் எந்த மூலிகை கொடுத்தாலும், எந்த நேர்த்திக்கடன் நேர்ந்தாலும், ஒன்றுமே செய்யாதிருந்தாலும் இன்சுலின் அளவு குறையத்தான் செய்யும். நோயை நீக்கிவிட்டதாகப் பறைசாற்றுவோர் சிலருக்கு இக்காலமே சான்றாகப் பயன்பட்டு விடுகிறது. அவர்களை நம்பி ஊசியை அடியோடு நிறுத்திய குழந்தைகள் மீண்டும் கீட்டோன் மயக்கத்துடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகின்றனர். சிலர் கொண்டுவரப்படுவதற்குள்ளேயே மாண்டு போகின்றனர். அளவு குறைந்தது நோய் நீங்கியதன் அடையாளமன்று. அது போலவே, பின்னர் அளவு ஏறுவதும் நோய் முற்றியதன் அடையாளமன்று. குழந்தை வளர்கிறது, எடை கூடுகிறது. பருவமெய்தும் காலத்தில் கிலோவுக்கு 1.2 யூனிட்டைத் தாண்டி, சிலருக்கு 2 யூனிட் வரையிலும் தேவைப்படுவதுண்டு. வளரும் பிள்ளைக்குச் சட்டை பெரிதாக வேண்டியிருப்பதைப் போன்றதே அது. எண்ணிக்கையைக் கண்டு மகிழ்வதும் அஞ்சுவதும் விடுத்து, சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையே பெரும்பொழுதும் நிற்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

காய்ச்சலும் தாழ்நிலையும்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு உணவு செல்லாதபொழுது, "ஒன்றுமே உண்ணவில்லையே, ஊசி எதற்கு?" என்று தோன்றுவது இயல்பு. இதனினும் ஆபத்தான எண்ணம் பிறிதில்லை. நோய்வாய்ப்பட்ட உடலில் சர்க்கரை உண்ணாமலே ஏறும். உணவு வேளை மருந்தின் அளவு மாறலாம். நீண்ட நேர மருந்தை மட்டும் ஒருநாளும் நிறுத்தலாகாது. மூன்று நான்கு மணிக்கொரு முறை சர்க்கரையும், சிறுநீரில் கீட்டோனும் பார்த்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலும், மூச்சு ஆழ்ந்து வாங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

சர்க்கரை 70க்குக் கீழே சென்றால் குழந்தை வியர்க்கும், நடுங்கும், காரணமின்றிச் சிணுங்கும், தடுமாறும். அப்பொழுது எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.3 கிராம் என்னும் கணக்கில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை தர வேண்டும். 25 கிலோக் குழந்தைக்கு அது மட்டமாக எடுத்த இரண்டு தேக்கரண்டியளவு வரும். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். சாக்லேட்டும் பால் இனிப்பும் கொழுப்பு மிகுந்தவையாதலின் மெதுவாகவே வேலை செய்யும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, இன்னும் தாழ்ந்திருந்தால் மறுபடியும் தரவேண்டும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருத்துவர் தந்திருந்தால் குளுககான் ஊசியைப் போட்டு, விரைந்து ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும்.

ரயில் பயணத்தில்

நம் போன்றோர்க்கு ஆண்டுக்கொரு முறையேனும் ஊர் செல்லும் நெடும்பயணம் உண்டு. நாகபுரியில் கோடை வெயில் 45 டிகிரியையும் எட்டும். திறவாத மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்தி வருவதை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம். பயணத்தில் அகன்ற வாய்க் குளிர்காப்புக் குடுவையில் வைத்துச் செல்வது நன்று. பனிக்கட்டி மருந்தைத் தொடாதவாறு இடையில் துணி சுற்ற வேண்டும். ஒரு முறை உறைந்த மருந்து கெட்ட மருந்தே. குளிர்ப்பெட்டி இல்லாத கிராமத்து வீடுகளில், ஒரு மண்பானைக்குள் சிறு பானை வைத்து, இடையே ஈர மணல் நிரப்பி, அதனுள் மருந்தை வைத்தால் வெப்பம் நன்கு தணிந்திருக்கும்.

மருந்தையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் பெரிய பெட்டியில் பூட்டாமல் கைப்பையில் கொள்ள வேண்டும். தேவையினும் இரு மடங்கு எடுத்துச் செல்ல வேண்டும். வண்டியில் சாப்பாடு ஒரு மணிக்கு வரும் என்பார்கள், இரண்டேகாலுக்கு வரும். ரயில்வேயில் வேலை பார்க்கும் நாமே கூறுகிறோம்: தட்டு மடியில் வந்தபின்னரே விரைவு மருந்தைப் போடுங்கள். கையில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் எப்பொழுதும் இருக்கட்டும். வழியில் உடல்நலம் கெட்டால் 139 என்னும் எண்ணில் தெரிவித்து மருத்துவ உதவி கோரலாம்.

பேரேடும் பள்ளியும்

அலுவலகத்தில் நாள்தோறும் வரவு செலவு எழுதாமல் ஆண்டு முடிவில் கணக்கு ஒப்பாதன்றோ? இதுவும் அத்தன்மையதே. தேதி, நேரம், சர்க்கரை, உண்டது, போட்ட யூனிட், விளையாட்டு, காய்ச்சல் என ஏழு கட்டங்கள் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தோலில் ஒட்டி வைத்து இடைவிடாது சர்க்கரை காட்டும் கருவிகளும், தானே மருந்து செலுத்தும் பம்புகளும் இன்று வந்துள்ளன. வசதியுள்ளோர் மருத்துவரைக் கேட்டு வாங்கலாம். ஆயினும் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டே குழந்தையை நன்கு வளர்ப்போர் பலர். மூன்று நான்கு நாள் ஒரே வேளையில் ஒரே விதமாகச் சர்க்கரை ஏறினாலோ தாழ்ந்தாலோ அது அளவு மாற்றத்துக்குரிய குறி. ஒரே இடத்தில் ஊசி குத்திக் கொண்டிருந்தால் அங்கே தடிப்புண்டாகி மருந்து சரிவர ஏறாது. வயிறு, தொடை, மேற்கை, பிட்டம் என இடம் மாற்றி வரவேண்டும்.

பள்ளி ஆசிரியரிடம் நோயை மறைத்தல் தகாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017ஆம் ஆண்டிலேயே, பொதுத்தேர்வு எழுதும் நீரிழிவு மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் முதலியவற்றைத் தேர்வுக்கூடத்துக்குள் கொண்டு செல்ல அனுமதி வழங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2022ஆம் ஆண்டில் முதல் வகை நீரிழிவுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மறைத்து வைக்க வேண்டிய நோயன்று இது. பெண் குழந்தையாயின் நாளைக்கு யார் மணப்பார் என்னும் அச்சத்தால் மறைப்போர், இன்றைக்கே அவள் உயிருக்கு ஊறு தேடுகின்றனர்.

நம் தோழரின் மகள் ஊசியை நிறுத்தாமலே ஊர் சென்று திரும்பினாள். பாட்டியாரிடம் தாயார் கணக்கு நோட்டை விரித்துக் காட்ட, அம்மூதாட்டியே இரவு ஊசிக்கு நேரம் பார்த்து நினைவூட்டுபவராகிவிட்டார். பதினான்கு மாதம் சென்றபின், மருத்துவர் சொல்லியிருந்தவாறே, அளவு மெல்ல மெல்ல ஏறலாயிற்று. இப்பொழுது அவளுக்கு நாளொன்றுக்கு 24 யூனிட். கபடியில் பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறாள். ஆட்ட நாள்களில் அளவைக் குறைக்கும் கணக்கைத் தானே கேட்டுப் போடுகிறாள்.

பாண்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாளை உலகம் நீரிழிவு நாளாகக் கொள்கிறது. நம் நாட்டில் அந்நாளே நேருவின் பிறந்த நாளாகிய குழந்தைகள் தினமுமாகும். வரும் நவம்பர் விழாவில் நம் சங்கத்தார் இரண்டு காரியங்கள் செய்வாராக. அளவு, சிரிஞ்சு, தாழ்நிலை, காய்ச்சல் நாள் ஆகியவற்றைப் பற்றி மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்திய ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை அச்சிட்டு வழங்குதல் ஒன்று. இந்தி அறிந்த அன்பர்கள் நால்வர் தம் பெயரைச் சங்கத்தில் பதிந்து வைத்து, புதிதாக இந்நோய் கண்ட குழந்தையின் தாயோடு முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு உடன் செல்லுதல் மற்றொன்று. முதற் பெயராக நம் பெயரை எழுதிக் கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக் கொள்கிறோம்.